பத்துக் கிலோவுக்குக் கீழ்

முப்பத்தொரு வருஷம் பர்கூர் ரோட்டு எடைமேடையில்
சீட்டு எழுதினேன்.
கல் ஏற்றி வரும் லாரிக்கு மூன்று எண்:
பாரத்தோடு எடை, வெறும் வண்டி எடை,
கழித்தால் கல்.
பத்துக் கிலோவுக்குக் கீழ் எந்திரம் கண்டுகொள்ளாது.
ஒரு தூக்குச்சட்டி சோறு, ஒரு கைக்குழந்தை,
கணக்கில் வராது.

விழுந்தது விடிகாலை நாலரைக்கு. ஒரு சோப்புத் துண்டு.
சத்தம் எனக்கு மட்டும் கேட்டது,
காய்ந்த புளியங்கொம்பு முறிகிற மாதிரி.
வலது கால் ஓர் அங்குலம் குட்டையாகி
வெளிப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது
என்னோடு பேச்சில்லை என்பதுபோல.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரி, எலும்பு வார்டு.
காலில் கயிறு கட்டிச் செங்கல் தொங்கவிட்டார்கள்.
"எத்தனை கிலோ?"
"மூணு" என்றாள் நர்ஸ்.
மூன்றரை இருக்கும். சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஊத்தங்கரை வேடியப்பன்.
எண்பத்திரண்டு. இதே எலும்பு, இடது பக்கம்.
மகன்கள் வராந்தாவில் தணிந்த குரலில் பேசினார்கள்.
தணிந்த குரல் வராந்தாவில் நன்றாகக் கேட்கும்.
"இந்த வயசுல போயி கத்தி வெச்சு…"
மறுநாள் புத்தூர்க் கட்டுப் போடுவதாகச் சொல்லி
ஆட்டோவில் மடக்கி ஏற்றினார்கள்.
போகும்போது தன் பால் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்:
"சூடு ஆறல, குடி."

எனக்கும் அதே வராந்தா, அதே குரல்.
காப்பீட்டுக்கு என் கட்டைவிரல் மூன்று தடவை பதியவில்லை,
நடுவிரலை ஒத்துக்கொண்டது அரசாங்கம்.
மகள் பிரமீளா ஓசூர் நைட் ஷிப்ட் முடித்து
யூனிபார்மோடு வந்து நின்றாள்.
"நடப்பாரா?"
"நாளைன்னிக்கே நிக்க வெப்போம்" என்றார் டாக்டர்.
அவர் பையிலிருந்த பேனாவையே உருவிக் கையெழுத்திட்டாள்.

முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே ஊரே இல்லை.
பச்சைத் துணிக்கு அப்பால் ரம்பம்,
பிறகு சுத்தியல்.
மந்தமாக, மந்தமாக,
திடீரென்று கணீர்.
கல்லில் ஆப்பு இறுகியதைச் சத்தத்தில்தான் அறிவார்கள்.
"இறங்கிடுச்சு" என்றேன்.
சுத்தியல் ஒரு கணம் நின்றது.
"பெரியவரே, தூங்குங்க."

எடுத்ததைக் காட்டச் சொன்னேன்.
பெரிய எலுமிச்சை அளவு, ஒரு பக்கம் பிய்ந்து.
எவ்வளவு இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.
எழுபத்தாறு வருஷம் நான் நின்ற இடம்
எடை போடாமலே வாளிக்குப் போயிற்று.

பிசியோ பெண் ஷாஹிதா விரல்விட்டு எண்ணினாள்:
சம்மணம் கூடாது, குந்தக் கூடாது,
கால்மேல் கால் கூடாது.
அந்த மூன்றாவதை முதலாளிகள் முன்னால்
எப்போதோ பழகிவிட்டேன் அம்மா.

வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவே
வட்டமாக அறுத்து வைத்திருந்தான் மகன்,
வராந்தாவில் பேசிய அதே மகன்.
தடவிப் பார்த்தேன். விளிம்பு முழுக்கத்
தீயில் வாட்டி மழுக்கியிருந்தான்.

மூன்றாம் மாதம் எடைமேடைக்குப் போனேன்.
புதுப் பையன் சிரித்தபடி சீட்டுப் போட்டான்: அறுபது.
போன தீபாவளிக்கும் அறுபதுதான்.
உள்ளே போன உலோகம், வெளியே போன எலும்பு,
எந்திரத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை.

ஊத்தங்கரை டிரைவர் ஒருவனிடம் விசாரித்தேன்.
"அவரா? கருமாதியே முடிஞ்சுதே."
டீ வந்தது. சூடு ஆறும்வரை வைத்திருந்தேன்.

மேடையிலிருந்து இறங்க ஒரு படி.
ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது
ஆபரேஷன் கால் முதலில் என்று
சொல்லியிருக்கிறாள் ஷாஹிதா.
வாக்கரை முன்னால் வைத்தேன்.