இதர செலவு

மழை விட்ட காலையில்
அளவு நாடாவோடு குழிக்குள் இறங்கினேன்.
முழங்கால் வரை செம்மண் தண்ணீர்.
எங்கள் மாநிலத்துத் தார் முடிந்து
அபுஜாவின் தார் தொடங்கும் இடத்தில்
நான்கு வருடமாக வளர்கிறது இது,
இரண்டு வீட்டுக்கும் பிறந்து
எந்த வீட்டிலும் பெயர் வைக்காத பிள்ளையாக.

நீளம் பதினோரு அடி. அகலம் ஏழு.
அந்த நீளத்தில் எங்களுக்கு மூன்றடி.
மிச்சம் தலைநகரத்துக்குச் சொந்தம்.

அந்த மூன்றடியை மட்டும்
போன பட்ஜெட்டில் நிரப்பினோம்.
கத்தி வைத்து அறுத்த கேக் போல
இரண்டு நாள் நின்றது.
மூன்றாம் நாள் அவர்கள் பக்கத்துத் தண்ணீர்
சட்டம் படிக்காமல் உள்ளே வந்துவிட்டது.

அதற்கும் முன்னால்,
கவர்னர் வருகிறார் என்று ஒருமுறை
முழுக்குழியையும் மூடினார் என் மேலதிகாரி.
எட்டாம் நாள் அபுஜாவிலிருந்து கடிதம்:
எங்கள் சாலையில் கை வைக்க
உங்களுக்கு அனுமதி கொடுத்தது யார்?
சாலை போட வராத கைக்கு
கடிதம் போட மட்டும் இவ்வளவு வேகமா
என்று கேட்டார் அவர்.
ஓய்வு பெறும் வரை
எங்களிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

நேற்றிரவு இவெரெனின் வள்ளிக்கிழங்கு லாரி
அச்சு முறிந்து இதற்குள் சாய்ந்தது.
கிழங்குகள் இரண்டு ஆட்சிக்கும் உருண்டன.
போலீஸ் வந்தது.
போலீஸ் அபுஜாவுடையது,
ஜீப்புக்கு டீசல் எங்களுடையது;
அதனால் வரமட்டும் செய்தது.

"நீ எந்த அரசு?" என்றாள் என்னிடம்.
மாநிலம் என்றேன்.
"அப்போது உன்னைத் திட்டலாமா?"
"திட்டலாம். மூன்றடிக்கு."
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
உடைந்த கிழங்கொன்றைத் தூக்கி
வெள்ளைச் சதையில் ஏறிய சேற்றைத்
துணியில் துடைத்தாள்,
திரும்பத் துடைத்தாள்.
நாடாவைச் சுருட்டினேன்.
அது சுருளச் சுருள
சத்தம் போட்டது.

லாரியை இழுத்த பிறகு
சேசுக் வந்தான், மண்வெட்டியோடு.
பதினைந்து வயதிருக்கும்.
மேட்டிலிருந்து செம்மண் வெட்டிக் கொட்டி
காலால் மிதித்து இறுக்கினான்.
எங்கள் மூன்றடி எது, அவர்கள் எட்டடி எது
என்று அவன் கேட்கவேயில்லை.
பிறகு சாலைக்குக் குறுக்கே
ஒரு கயிற்றைப் பிடித்து நின்றான்.
டாங்கர் கொடுத்தது. பேருந்து கொடுத்தது.
போலீஸ் ஜீப்புக்குக் கயிறு தானாகத் தாழ்ந்தது.
இரண்டு அரசுக்கும் தெரியாமல்
மூன்றாவதாக ஒன்று
நடந்துகொண்டிருந்தது அங்கே.

எங்கள் வண்டியின் முறை.
என் டிரைவர் ஓர்ஃபெகா ஹாரனை அழுத்தினார்.
கயிறு அசையவில்லை.
இருநூறு நைராவை நீட்டி,
பழக்க தோஷம், ரசீது கேட்டேன்.
மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு
நிஜமாகவே யோசித்தான்.
"யார் பேரில் எழுத, மேடம்?"

அலுவலகத்தில் கணக்குத் தாளை விரித்தேன்.
மாநிலத்துக்கு ஒரு பத்தி,
மத்திக்கு ஒரு பத்தி,
அடியில் விரலகலத்தில் 'இதர'.
அதில் எழுதினேன்:
சேசுக். இருநூறு.

மை காய்வதற்குள்
தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது.
நாளைக்கும் சேர்த்து
நானூறு என்று திருத்தினேன்.