நூறு ரூபாய்க்கு நாலு கிலோ

அப்பாவின் லோடு ஆட்டோ
பொன்னம்மாபேட்டை கேட்டைத் தாண்டும்போது
கூரையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில்
என் தம்பிக்குப் பதினொரு வயது.

'அக்கா வாங்க, அத்தை வாங்க,
பெல்லாரி வெங்காயம், பெரிய வெங்காயம்,
நூறு ரூபாய்க்கு நாலு கிலோ...'
பனங்கற்கண்டை உடைத்த மாதிரி ஒரு குரல்.
விசைத்தறிச் சத்தத்துக்குள்ளும் நுழைந்துவிடும்.

யுகேந்திரனுக்கு இப்போது பதினாலு.
வண்டியின் பின்பக்கம் தராசு பிடிக்கிறான்.
கேட்டால்தான் பேசுகிறான்.
பேசினால், முதல் சொல் கிணற்றடியில்,
அடுத்த சொல் மோட்டார் ரூம் கூரையில்.
'ஸ்பீக்கர்ல யாரு, உன் தம்பியா?'
ஜாகீர் அம்மாபாளையத்தில் ஒரு பெண் கேட்டதற்கு
ஆமாம் என்று சொல்லிவிட்டான்.
அன்று முழுக்க எங்களுக்கு
இன்னொரு தம்பி இருந்தான்.

எனக்கு வந்தபோது தெருவுக்கே தெரியும்.
முக்கில் பன்னிரண்டுக்கு எட்டு ஃப்ளெக்ஸ்,
செல்வி ரூபதர்ஷினி,
தாய்மாமன் சீர் இருபத்தொரு தட்டு.
வெங்காயம் விற்ற இதே ஸ்பீக்கரைக் கழற்றி
மண்டப வாசலில் கட்டினார்கள்.
வயிற்று வலியைப் பற்றி மட்டும்
மைக்கில் யாரும் சொல்லவில்லை.

அவனுக்கு வந்தபோது செருப்பு பத்தவில்லை.
ஏழு, எட்டு, தீபாவளிக்குள் ஒன்பது.
அம்மா உலையில் ஒரு ஆழாக்கு கூடப் போட்டாள்.
அவ்வளவுதான் விழா.

இரவில் நான் விலங்கியல் படிக்கிறேன்.
பாய்க்கு வெளியே காலை நீட்டி அவன் தூங்குகிறான்.
மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால்
ஒரு பட்டாணி, பிட்யூட்டரி.
அதற்கும் மேலே ஹைபோதலாமஸ்.
பிறந்த சில மாதம் விழித்திருந்ததாம்,
பிறகு வருடக்கணக்கில் வாயே திறக்கவில்லையாம்.
எது எழுப்புகிறது என்பது
இன்னும் முழுதாகத் தெரியாதாம்.
அந்த வரிக்குக் கீழே கோடு போட்டேன்.

முதலில் தூக்கத்தில்தான் பேசத் தொடங்குமாம்.
ஒன்றரை மணிக்கொரு தரம், துளியிலும் துளி.
மேலது நடுவதற்குச் சொல்லும்,
நடுவது அடியில் இருப்பதற்குச் சொல்லும்,
டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் ஏறும்,
ஏறியது போதுமென்று அதே ரத்தம்
மேலே போய்ச் சொல்லிவிட்டு வரும்.
எங்கள் வீட்டில் யாரும்
இவ்வளவு ஒழுங்காய்ப் பேசிக்கொள்வதில்லை.

பக்கத்து வீட்டில் ராத்திரி ஷிஃப்ட் தறி ஓடுகிறது.
அவன் தொண்டையில் குருத்தெலும்பு முன்னால் வருகிறது,
இரண்டு நாண்கள் நீண்டு தடிக்கின்றன.
இதற்கு மகரக்கட்டு என்று பெயர் என்றேன் ஒருநாள்.
'நகைக்கடை பேரு மாதிரி இருக்கு' என்றான்.

வெங்காயம் விலை ஏறிவிட்டது. நூறுக்கு இரண்டரை.
ஸ்பீக்கர் இன்னும் நாலு என்கிறது.
'பையன் சொல்றான், நீ இல்லைங்கற?'
அஸ்தம்பட்டியில் ஒரே சண்டை.
அன்றிரவு அப்பா செல்போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார்.
'அக்கா' சரியாக வந்தது.
'அத்தை' நடுவில் கிழிந்தது.
நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.
பத்துத் தடவைக்குப் பிறகு
மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

அங்கிருந்து பார்த்தால் சேர்வராயன் மலை,
ஏற்காடு போகும் ஏதோ ஒரு லாரியின் விளக்கு.
ஒரு கொண்டை ஊசி வளைவில் தெரிகிறது,
அடுத்ததில் இல்லை.
பக்கத்தில் போய் நின்றேன்.
'உனக்கு வலிச்சுதா?' என்றான்.
எது, எப்போது என்று சொல்லவில்லை.
ஆமா என்றேன்.
நாலு வருஷத்தில் வீட்டில் யாராவது கேட்டது
அதுதான் முதல் தடவை.

இப்போது ஸ்பீக்கரில்
அக்கா, அத்தை, பெல்லாரி, பெரிய வெங்காயம்
எல்லாம் பதினொரு வயதில் வருகின்றன.
'ரெண்டரைக் கிலோ' மட்டும்
அப்பா வெட்டி ஒட்டிய இடத்தில்
கரகரவென்று இறங்குகிறது.

ஜாகீர் அம்மாபாளையத்துப் பெண் மறுபடி கேட்டாள்:
'அண்ணன் தம்பி ரெண்டு பேருமா?'
தராசு முள்ளைப் பார்த்தபடியே சொன்னான்:
'கூட்டு யாவாரங்க.'
கூட்டு மேலே போயிற்று,
யாவாரம் கீழே வந்தது.