மேல்வரிசை, இடப்பக்கம், ஐந்தாவது

பொன்னுப்பு சுங்க அலுவலகத்தில் நின்றுவிட்டது.
நொவோசிபிர்ஸ்க்கில் ஜனவரி,
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டு.
க்ளெப் ஸ்தெபானோவிச் தினமும் கேட்கிறார்:
எப்போது தொடங்குவாய், துல்மா?

அவள் மேசை இழுப்பறையில்
தீப்பெட்டிக்குள் ஒரு தங்கப் பல்லுறை.
பிணவறைக்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தது.
அண்ணன் சோரிக்தோ, லாரி ஓட்டியவன்,
சிரித்தால் முதலில் தெரிவது இதுதான்.
குளியல் குடிலில் தணல் அடங்குமுன்
சூடு வீணாகுமே என்று
புகைபோக்கித் தகட்டைத் தள்ளி மூடியவன்.
கன்னம் சிவந்து,
நன்றாய்க் குளித்தவனைப் போலவே கிடந்தான்.

ராஜ திராவகம் பழுப்பாய் மூச்சுவிட்டது.
தங்கம் கரைவதைப் பார்க்க முடியாது;
பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போயிருக்கும்.
வெள்ளி மட்டும் வெண்தூளாய் அடியில் நின்றது.
வடிகட்டினாள்.
செம்பு கொஞ்சம் இருந்திருக்கும். பல்லேடியமும்.
பல் கட்டியவர் எந்த ஊரோ.

எழுபது டிகிரி. டைட்டானியா மாவு பாலாய்க் கலங்க,
காரம் சொட்டுச் சொட்டாக, பி.எச். ஒன்பது வரை.
பிறகு கழுவல்.
குளோரைடு ஒட்டியிருந்தால்
துகள்கள் ஒன்றையொன்று தேடிப் பருத்துவிடும்.
கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் விட்டாள்: கலங்கியது.
மறுபடி. கலங்கியது.
பதினோராம் முறை தெளிந்தது.
நள்ளிரவு தாண்டி உலையிலிருந்து எடுத்த தூள்
கத்தரிப்பூ நிறம்.

மூன்று நானோமீட்டரில் தங்கத்துக்கு மஞ்சள் கிடையாது.

கட்டியாய் இருக்கும்வரை பொன் வெறும் பெயர்ச்சொல்.
காற்றுக்குக் கறுக்காது, நீருக்குத் துருவேறாது,
பூட்டி வைத்தால் பூட்டியபடி இருக்கும்,
சபையில் வாய் திறக்காத பெரிய மனிதர்.
நொறுக்கு. இன்னும் நொறுக்கு.
எண்ணி முடிக்கக்கூடிய அணுக்களே மிஞ்சும்போது
ஓரத்தில் நிற்பவை
பிடிக்க ஆளில்லாமல் கை நீட்டும்.
வினை அங்கே பிறக்கிறது.

கண்ணாடிக் குழாயில் ஒரு சிட்டிகை.
இந்தப் பக்கம்
காற்றோடு நூற்றில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு.
அந்தப் பக்கம் கருவி இழுக்கும் கோடு.
பூஜ்யத்தில், மேடு இல்லை.
குளிர்த்தொட்டியை இறக்கினாள்.
மைனஸ் இருபது. மேடு இல்லை.
வெளியே நிற்கிற குளிருக்கே கொண்டுபோனாள்.
ஒரு சின்ன மேடு, நகக்கண் அளவு.
மற்றதெல்லாம்
நாம் மூச்சில் விடுகிற சாதாரண வாயுவாகியிருந்தது.
தாளை அவள் கிழிக்கவில்லை.
ஓடட்டும் என்று விட்டாள், விடியும்வரை.

மார்ச்சில் சுங்கம் விட்டது.
மாற்றுக் குறையாத பொன்.
அதே நீர், அதே காரம், அதே பதினோரு கழுவல்.
பாதிகூடத் தேறவில்லை.
செம்பு சேர்த்துப் பார்த்தாள். பல்லேடியம் சேர்த்துப் பார்த்தாள்.
முதல் தூளோ எட்டாம் நாளே சோம்பிவிட்டது;
துகளோடு துகள் கூடி
மறுபடி பெரிய மனிதராகிக்கொண்டிருந்தது.

"திரும்பச் செய்ய முடியாதது முடிவு ஆகாது," என்றார் க்ளெப்,
கோபமில்லாமல்.
"மூலப்பொருள் என்னவென்று எழுதினாய்?"

நோட்டைத் திருப்பி வைத்தாள்.
பொன் பெறப்பட்ட இடம் என்ற கட்டத்தில்
மேல்வரிசை, இடப்பக்கம், ஐந்தாவது.

அவ்வளவு சின்ன வரியை
அவர் நெடுநேரம் படித்தார்.
அடிக்கப் பேனாவைத் திறந்தார், மூடினார்.
"எடை எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார்.

தராசு ஜன்னலோரம்தான் இருந்தது,
ஒரு முடியின் கனத்தையும் சொல்லக்கூடியது.

"நிறுக்கவில்லை."