கசிவு

நீர்ப்பூட்டு எண் பதினான்கு.
வரைபடத்தில் நீலக் கோடு,
நேரில் முட்புதர்.

சனிக்கிழமைதோறும் வருவோம்
வேல்ஸ் மழைக்குள், கடப்பாரையும் தெர்மாஸுமாக:
ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர்,
ரயில்வே சிக்னலில் வேலை பார்க்கும் டெலித்,
எதற்கு வருகிறான் என்று எவரிடமும் சொல்லாத இத்தெல்.

முதல் வருஷம் தூர் வாரினோம்.
மூன்று சைக்கிள், ஒரு குளியல் தொட்டி,
பூட்டியபடியே ஓர் இரும்புப் பெட்டி.
உடைத்துத் திறக்க அரைமணி நேரம் ஆயிற்று.
அந்த அரைமணி நேரம்
எல்லோரும் பணக்காரர்கள்.
உள்ளே சேறு.

பிறகு பதினோரு நீர்ப்பல்லிகளுக்காக
ஏழு மாதம் வேலை நின்றது.
ஒவ்வொன்றையும் மல்லாத்தி
வயிற்றுப் புள்ளிகளைப் படமெடுத்து
வாளியில் வைத்து வீடு மாற்றினாள் டெலித்.

பழைய பாலத்தின் வளைவுக் கல்லில்
விரல் முழுதும் உள்ளே போகும் தடங்கள்.
எறும்பு ஊரக் கல் தேயும் என்பார்கள்,
இங்கே நிலக்கரி ஊர்ந்திருக்கிறது.
குதிரை முன்னே, படகு பின்னே,
நடுவில் ஈரக் கயிறு
கல்லை அறுத்துக்கொண்டே.

ஊர்க்கூட்டத்தில் கை தூக்காதவர்
ஹெவின் ஒருவர்தான்.
"என் ஆடுகள் நடந்து கடக்கிற இடம் அது.
நீங்கள் கப்பல் விடுங்கள்,
அவை பறந்துகொள்ளட்டும்."

ஆறாம் வருஷம் கிரேன் வந்தது.
இரண்டு ஓக் கதவுகள், ஒவ்வொன்றும் இரண்டரை டன்.
தண்ணீர் தள்ளத் தள்ள
ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும் கதவுகள்.
மே மாதம் மதகைத் தூக்கினோம்.
பல் மருத்துவர் தொப்பியைக் கழற்றினார்.

தண்ணீர் வந்தது.
இரவோடு இரவாகப் போனது.
காலையில் அளவுகோலில்
ஒரு முழம் காணோம்.
பொறியாளர் பச்சைச் சாயம் கலந்தார்,
பச்சையும் காணோம்.

மூன்றாம் நாள்
கேட்டை உதைத்துத் திறந்து வந்தார் ஹெவின்,
முழங்கால் வரை பச்சை.
"உங்கள் கால்வாய் என் டர்னிப் வயலில் கிடக்கிறது,
வந்து எடுத்துக்கொண்டு போங்கள்."

எந்த இடம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.
எல்லாப் புல்லும் காயும் கோடையில்
அந்தக் கரையோரம் மட்டும் கருகாதாம்.
இருபது கோடையாகப் பார்க்கிறாராம்.
"ஏன் சொல்லவில்லை?"
"கேட்டீர்களா?"

வடித்தோம். களிமண் கொட்டினோம்.
மிதித்து இறுக்கும் எந்திரத்தின் எடையை
பாலம் தாங்காது என்றார்கள்.
மறுநாள் விடியலில்
இருபத்துமூன்று காளைக்கன்றுகளை
ஓட்டிக்கொண்டு இறங்கினார் மனிதர்.
"என் டர்னிப்புக்காக," என்றார்,
யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே.

நாள் முழுக்கக் குளம்புகள்.
களிமண் அப்பளமாவு போல் மினுங்கியது.
சாணியும் சேர்ந்துதான்.
இத்தெல் கன்றுகளோடு நடந்தான்,
பூட்ஸ் இரண்டையும் களிமண்ணுக்குக் கொடுத்துவிட்டு,
வெறுங்காலோடு,
சத்தமாகச் சிரித்துக்கொண்டு.
ஆறு வருஷத்தில்
அவன் பல்லை அன்றுதான் பார்த்தேன் என்றார்
பல் மருத்துவர்.

செப்டம்பரில் ஒரு படகு போனது.
ஒன்றேகால் மைல்.
அதற்கப்பால் தார்ச்சாலை,
தார்ச்சாலைக்கப்பால் ஒன்பது மைல் முட்புதர்.
திரும்ப இடமில்லை,
பின்பக்கமாகவே வந்து சேர்ந்தது.
கல்லின் தடங்களில் எதுவும் உரசவில்லை.
டீசல் வாடை மட்டும் கொஞ்ச நேரம்.

எதிர்க்கரையில் ஹெவினின் ஆடுகள்
தண்ணீரைப் பார்த்தபடி நின்றன.

கன்றுகளுக்குக் கூலியாக
ஒரு நடைபாலம் கேட்டிருக்கிறார்.
படகின் கூரை தட்டாத உயரம்,
ஆடு ஏற மறுக்காத சரிவு.
இரண்டும் ஒரே பாலத்தில் வர மாட்டேன் என்கின்றன.
நனைந்த காகிதத்தை பானெட்டின்மேல் விரித்து
அழித்து அழித்து வரைகிறாள் டெலித்.