மூன்றாம் வகுப்பு, லோஃபா

கரும்பலகைக்குப் பூச
செத்த பேட்டரிகளை உடைத்துக் கரி எடுத்தோம்.
மரவள்ளி இலைச்சாறு விட்டு அரைத்தவன் கொலுபா.
வயது பத்தொன்பது. மூன்றாம் வகுப்பு.
மேசைக்கடியில் முழங்கால் நுழையாது,
நடைவழியில் நீட்டிக்கொள்வான்.
எட்டு வயது யாசா
வேண்டுமென்றே அதைத் தாண்டித் தாண்டிப் போவாள்.

பெயர் கூப்பிட்டால் விறைத்து எழுந்து நிற்கிறான்.
"உள்ளேன் என்றால் போதும்."
உட்கார அவனுக்கு இன்னும் வரவில்லை.

இன்று கழித்தல்.
பள்ளியில் நாற்பது பெஞ்சு. இருப்பது ஆறு.
போனது எத்தனை?
வாய்க்கு வந்த கணக்கு, சத்தியமாய்
வேறொன்றும் நினைக்கவில்லை.
யாசா விரல் தீர்ந்து கால்விரலுக்கு இறங்கியிருந்தாள்.
அவன் எண்ணவே இல்லை.
"முப்பத்து நாலு, டீச்சர்.
நாங்கதான்.
விறகெல்லாம் நனைஞ்சு கெடந்துது.
அரிசி வேகணுமே."

தகரக்கூரையில் மழை பிடித்துக்கொண்டது.
இனி யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது.
விடை சரிதான்.
டிக் போடும்போது சாக்பீஸ் முறிந்தது.

திங்கட்கிழமை, முதல் மணிக்கு முன்னால்
இழைக்காத பலகையொன்றைத் தலையில் சுமந்து வந்தான்,
தோளெல்லாம் மரத்தூள்.
"முப்பத்து மூணு" என்றாள் யாசா,
யாரும் கேட்காமலே.
அவன் என்னிடம் ஆணி கேட்டான்.
ஆணிக்கு நான் எங்கே போவேன்.