ஐந்தாம் தேதி

குலசேகரம் சந்தைக்கு எதிரே, மாடியறையில்
குளிர்பானமும் முறுக்கும் தந்து பேசினான் பிரின்ஸ்லால்.
என் தங்கச்சி புருஷன்தான். பொய் சொல்லத் தெரியாதவன்.
லட்சத்துக்கு மாசம் எட்டாயிரம்.
ஐந்தாம் தேதி விடிந்தால் கணக்கில்.
ஒரு மாசமும் தப்பாது.

தப்பாது என்ற சொல்லில்தான்
எனக்குக் கால் இடறியது.

இருபத்திரண்டு வருஷமாய்ப் பால் வெட்டுகிறேன்.
நெற்றியில் லைட்டோடு, நாலு மணிக்கு, முந்நூறு மரம்.
இடவப்பாதி பிடித்தால் சிரட்டை நிறைய வெள்ளம்தான்.
பிளாஸ்டிக் பாவாடை கட்டிவிட்ட மரமும்
காற்றடித்தால் கைவிடும்.
மாசியில் இலை கொட்டினால்
கத்திக்கு எண்ணெய் தடவி எடுத்து வைக்கணும்.
ஆசைப்பட்டு நாள்தோறும் கீறினால்
பட்டை வறண்டுபோகும்.
பிறகு அது விறகு.

மழையிலும் மாசியிலும் ஒரே அளவு சுரக்கிற மரம்
எந்தத் தோட்டத்தில் நிற்குது, பிரின்சு?
கேட்டேன்.
அவன் கம்பெனி ஆளைப் பார்த்தான்.
கம்பெனி ஆள் சுவரில் தொங்கிய
வெளிநாட்டுக் கட்டிடத்தைப் பார்த்தான்.
'அக்காவுக்கு இன்னும் நம்பிக்கை வரல.'
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

வசந்தபாய் சேர்ந்தாள். மகளின் நர்சிங் ஃபீஸ்.
முதல் ஐந்தாம் தேதி பணம் வந்தது. இரண்டாவதும்.
மூன்றாவதற்குள் வளையலைப் பணயம் வைத்து
மறுபடி போட்டாள்.
அந்த மாசங்களில்
ஷீட் விலை இறங்கிக் கிடக்க,
நான்தான் முட்டாள் என்று
ராத்திரி கம்மலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆறாவது ஐந்தாம் தேதி
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
ஷட்டருக்கு முன்னால் கூட்டம்.
பிரின்ஸ்லாலும் அதில் நின்றான்.
அவன் போட்டது நாலு லட்சம்.
சட்டைப் பை கிழிந்து தொங்கியது,
யார் பிடித்து இழுத்தார்களோ.

ரசீதுகளை என் பால்கணக்கு நோட்டுக்குள் அடுக்கி
நாகர்கோவிலில் புகார் கொடுத்துவிட்டு
மூன்று பேரும் பஸ் ஏறினோம்.
ஒருத்தரும் பேசவில்லை.
தக்கலை தாண்டும்போது வசந்தபாயின் போன் அடித்தது.
'மேடம், நீங்க இழந்த பணத்தை மீட்டுத் தருவோம்.
பதிவுக்கு மூவாயிரம் மட்டும். நூறு சதவீதம் உறுதி.'

அவள் பர்ஸைத் திறந்துவிட்டாள்.
நான் போனை வாங்கினேன்.
ஜன்னல் ஷட்டரை இறக்கியும் சாரல் மடியில் விழுந்தது.
'தம்பி, உங்க பக்கம் மழை உண்டா?'

'இங்க மழையே கிடையாது மேடம்'
என்றான், உற்சாகமாய்.

வைத்துவிட்டேன்.