பவுடர் பூசிய இஞ்சின்

மூன்றாவது கேஸ்கெட்டும் மாற்றியாயிற்று.
காலையில் வண்டிக்கடியில் விரித்த நாளிதழில்
தங்கம் விலைமேல் அதே சொட்டு,
நாலணா அகலம்.

அறுபத்து நாலாம் வருஷத்து ஃபியட்,
மாசத்தில் ஒருநாள்தான் ஷெட்டை விட்டு வெளியே வரும்.
"பின்சீல் போச்சுங்க, இஞ்சினை இறக்கோணும்."
கணபதியில் இரண்டு பட்டறைக்காரர்களும்
டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார்கள்.

துளசிமணி ஒன்றும் சொல்லவில்லை.
மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவித் துடைத்து
என் முகப்பவுடர் டப்பாவை
இஞ்சின்மேல் கவிழ்த்துத் தட்டினாள்.
பொண்ணு பார்க்கக் கிளம்பியவன் போல நின்றது.
"அவிநாசி வரைக்கும் ஓட்டீட்டு வாங்க.
நடுவுல நிறுத்தி எட்டிப் பாத்துராதீங்க."

திரும்பியதும் டார்ச் அடித்தோம்.
பவுடரில் ஒரு கறுப்புக் கோடு இருக்குமென்று நினைத்தேன்.
ஏழெட்டு இருந்தன.
சம்ப், டேப்பெட் மூடி, டிஸ்ட்ரிபியூட்டர் அடி,
எங்கே இளகியதோ அங்கெல்லாம்.

அவள் பிரீதர் குழாயைக் கழற்றி
வாய்வைத்து ஊதினாள்.
கன்னம் உப்பியது, காற்று போகவில்லை.
சைக்கிள் கம்பியால் குத்த
உள்ளங்கையில் உதிர்ந்தது செம்மண்,
காய்ந்த பச்சைப்புழு,
சிறகு விரியாத ஒரு குளவி.

"மூச்சு முட்டுனா கக்காம என்னங்க பண்ணும்?"

மறுநாள் தங்கம் விலை சுத்தமாய்ப் படிக்கக் கிடைத்தது,
கிராமுக்கு நாற்பது ஏறியிருந்தது.
பானெட் ஓரத்தில் ஒரு குளவி சுற்றிக்கொண்டிருந்தது,
வாயில் ஈரமண்ணோடு.